தலைநகரங்களின் கதை – 9: வாக்கில்லாத வாஷிங்டன்

வாஷிங்டன் நகரம் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் எதிலும் சேர்ந்ததல்ல. கொலம்பியா மாவட்டம் என்பது அதன் சட்டப் பெயர். 2020 குடிமதிப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 6,89,545 பேர். வயோமிங், வெர்மான்ட் ஆகிய இரண்டு மாநிலங்களைவிடவும் மக்கள்தொகை அதிகம். வயோமிங்குக்கு செனட்டில் இரண்டு இடம், வெர்மான்ட்டுக்கும் இரண்டு இடம். வாஷிங்டனுக்கு ஒன்றுகூட இல்லை. பிரதிநிதிகள் சபைக்கு அந்நகரம் அனுப்பும் ஒரே ஆள் அவையில் பேசலாம், குழுக்களில் உட்காரலாம், மசோதாவும் கொண்டுவரலாம். மசோதா நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் மட்டும் அவருக்கு வாக்கு கிடையாது. அந்த மக்கள் மத்திய அரசுக்கு வருமான வரி கட்டுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் எந்த மாநிலத்தாரையும்விட அதிகமாகவே கட்டுகிறார்கள். நாட்டின் எல்லாப் போர்களுக்கும் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள். இந்த நிலைமையின் வேர் 1783-ஆம் ஆண்டின் ஒரு கலகத்தில் இருக்கிறது.

விடுதலைப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. சம்பள பாக்கி தீராத வீரர்கள் ஏறத்தாழ 400 பேர் ஜூன் 21 அன்று பிலடெல்பியாவின் அரசு மாளிகையைச் சூழ்ந்து நின்றார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் நிர்வாகக் குழு கூடுவதும் நாட்டின் காங்கிரஸ் கூடுவதும் அந்த ஒரே கட்டடத்தில்தான். வீரர்களின் மனு மாநிலக் குழுவிடம் போனது. துப்பாக்கிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டவர்களோ காங்கிரஸ் உறுப்பினர்கள். மாநிலத்தின் குடிப்படையை வரவழைக்கும்படி அலெக்சாண்டர் ஹாமில்டன் உள்ளிட்டோர் குழுத் தலைவர் ஜான் டிக்கின்சனிடம் கேட்டார்கள். போரில் தோள் கொடுத்த வீரர்கள்மேல் அந்தப் படை துப்பாக்கி தூக்குமா என்று அவருக்கு ஐயம்; அழைக்கவில்லை. யாருக்கும் காயம்கூடப் படவில்லை. ஏச்சுகளைக் காதில் வாங்கியபடி உறுப்பினர்கள் நடந்து வெளியேறினார்கள். சில நாள்களில் காங்கிரஸ் பிலடெல்பியாவையே விட்டுப் போய் பிரின்ஸ்டனில் கூடியது. பிறகு அனாபொலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று அலைந்தது. நாட்டின் அவை தன் காவலுக்கு ஒரு மாநிலத்தின் தயவை எதிர்பார்த்து நின்ற அவமானம் எளிதில் ஆறவில்லை.

1787-இல் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தில் அது ஒரு விதியாக உருவெடுத்தது. முதல் உறுப்பின் 8-ஆம் பிரிவில் 17-ஆம் கூறு அது. பத்து மைலுக்குப் பத்து மைல் பரப்பை மிஞ்சாத ஒரு வட்டாரத்தை மாநிலங்கள் விட்டுக்கொடுத்தால், அதன்மேல் எல்லாப் பொருளிலும் சட்டம் செய்யும் தனி அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு. அங்கே குடியிருக்கப்போகிறவர்கள் யாருக்கு வாக்களிப்பார்கள் என்பதைப் பற்றி அந்தக் கூறில் ஒரு சொல்கூட இல்லை. இந்த மௌனத்தை அப்போதே சிலர் கவனித்தார்கள். உள்ளூர்க் காரியங்களுக்கு அம்மக்கள் தாங்களே வாக்களித்து அமைக்கும் ஒரு மன்றம் இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும் என்று ஜேம்ஸ் மேடிசன், ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில் 43-ஆவதில் எழுதினார். 1788-இல் நியூயார்க் மாநில மாநாட்டில் ஹாமில்டன் இன்னும் ஒரு படி மேலே போனார்: வட்டாரத்தில் போதிய மக்கள் சேர்ந்ததும் அவர்களுக்குக் காங்கிரஸில் பிரதிநிதித்துவம் தர வழி செய்யும் திருத்தம் ஒன்றை முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை.  

இடம் 1790-இல் முடிவானது. போர்க்காலத்தில் மாநிலங்கள் வாங்கிய கடனை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்பது ஹாமில்டனின் திட்டம். தலைநகர் தெற்கே வர வேண்டும் என்பது வர்ஜீனியாக்காரர்களான ஜெஃபர்சன், மேடிசன் இருவரின் விருப்பம். ஜெஃபர்சனின் இல்லத்தில் ஒரு விருந்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாயின. ஜூலை 16 அன்று நிறைவேறிய சட்டம் பொட்டோமாக் ஆற்றங்கரையைத் தலைநகராக்கியது. அதுவரை பத்தாண்டுகளுக்கு பிலடெல்பியா தற்காலிகத் தலைநகர். மேரிலாந்தும் வர்ஜீனியாவும் நிலம் கொடுத்தன. ஆண்ட்ரூ எல்லிகாட்டின் அளவைக் குழு 100 சதுர மைலை அளந்து 40 எல்லைக் கற்களை நட்டது. கறுப்பின வானியல் அறிஞர் பெஞ்சமின் பானேக்கர் தொடக்க மாதங்களில் அக்குழுவில் பணியாற்றினார். அந்தக் கற்களில் பெரும்பாலானவை இன்றும் வீட்டுத் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் நிற்கின்றன.

அளந்த நிலம் வெற்று நிலமல்ல. ஜார்ஜ்டவுன், அலெக்சாண்ட்ரியா என்ற இரண்டு துறைமுக ஊர்கள் அதற்குள் இருந்தன. 1800-இல் மாவட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 14,000 பேர். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகள். அந்த ஆண்டு வரை, வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் மேரிலாந்துத் தேர்தலிலோ வர்ஜீனியாத் தேர்தலிலோ வழக்கம்போல வாக்களித்து வந்தார்கள். அரசு அலுவலகங்கள் புதுத் தலைநகருக்கு வந்து சேர்ந்த சில மாதங்களில், 1801 பிப்ரவரி 27 அன்று காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. தேர்தலில் தோற்றுப் பதவி விலகக் காத்திருந்த ஃபெடரலிஸ்ட் கட்சி, ஜெஃபர்சன் பொறுப்பேற்க ஒரு வாரமே இருந்தபோது நிறைவேற்றிய சட்டம் அது. மாவட்டத்தை இரண்டு கவுண்டிகளாகப் பிரித்தது, நீதிமன்றங்களை அமைத்தது, பழைய மாநிலச் சட்டங்கள் தொடரும் என்றது. யாருடைய வாக்கையும் பறிப்பதாக அதில் ஒரு வரியும் இல்லை. பறிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பிரதிநிதிகள் சபை உறுப்பினரை மாநிலங்களின் மக்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்கிறது அரசியல் சட்டம். குடியரசுத் தலைவரைத் தெரிவு செய்யும் தேர்வாளர்களும் மாநிலங்களுக்கே உரியவர்கள். மாவட்டத்து மக்கள் எந்த மாநிலத்தையும் சாராதவர்கள் ஆனதும் அந்த உரிமைகள் தாமாகவே உதிர்ந்துபோயின. யோசித்துச் செய்த கொடுமை என்று இதைச் சொல்ல முடியாது. யோசிக்காமல் விட்டது, அதனால்தான் திருத்துவதும் இவ்வளவு கடினமாயிற்று. பிரதிநிதித்துவம் கேட்டு அகஸ்டஸ் உட்வர்ட் என்ற இளம் வழக்கறிஞர் அந்த ஆண்டிலேயே எழுதிய கட்டுரைகள் தொடங்கி, இந்தக் கோரிக்கைக்கு இப்போது இரண்டேகால் நூற்றாண்டு வயது.

உள்ளூர் அளவில் மேடிசன் சொன்னது ஓரளவு நடந்தது. 1802-இல் நகர மன்றம் வந்தது, 1820 முதல் மேயரையும் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். அதே 1820-இல், பிரதிநிதி இல்லாத மாவட்டத்தின்மேல் காங்கிரஸ் நேர்வரி விதிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. விதிக்கலாம் என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கத்தோடு பிறந்த நாடு அது; சுதந்திரப் பிரகடனத்துக்கு அப்போது 44 வயதுதான்.

வாக்கைத் திரும்பப் பெற்ற ஒரே பகுதி அலெக்சாண்ட்ரியா. காங்கிரஸ் ஆற்றுக்கு அக்கரையிலேயே கட்டடங்களைக் கட்டிக்கொண்டிருந்ததால் ஊர் நலிந்தது. அடிமை வணிகத்தில் பெயர் பெற்ற ஊர் என்பதால், தலைநகரில் அவ்வணிகத்துக்குத் தடை வரும் என்ற அச்சமும் வணிகர்களை உந்தியது. 1846-இல் காங்கிரஸ் இசைய, வெள்ளையர் வாக்கெடுப்பில் ஆதரிக்க, அப்பகுதி வர்ஜீனியாவுக்கே திரும்பியது. மாவட்டம் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. அஞ்சியபடியே 1850-இல் தலைநகரில் அடிமை வணிகம் தடை செய்யப்பட்டது. வாக்குரிமையின் மீட்சி என்று இன்று மேற்கோள் காட்டப்படும் அந்த முன்னுதாரணம், விடுதலை பெற்று வாழ்ந்த அலெக்சாண்ட்ரியாவின் கறுப்பின மக்களுக்கு வர்ஜீனியாவின் கடுமையான அடிமைச் சட்டங்களைக் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் வாஷிங்டன் நாட்டுக்கு முன்னோடியாகவும் இருந்தது. நேரடி அதிகாரம் காங்கிரஸ் கையில் இருந்ததால் அங்கே எதையும் முதலில் செய்துபார்க்க முடிந்தது. 1862 ஏப்ரல் 16 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் மாவட்டத்து அடிமைகள் ஏறத்தாழ 3,100 பேரை விடுவித்தது. உடைமையாளர்களுக்குத் தலைக்கு 300 டாலர் வரை இழப்பீடு. புகழ்பெற்ற விடுதலைப் பிரகடனம் வருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே நடந்தது இது. அடுத்தது வாக்கு. 1865 டிசம்பரில் வெள்ளை வாக்காளர்களிடம் கருத்துக் கேட்டபோது, பல ஆயிரம் பேர் வாக்களித்த வாஷிங்டன் நகரில் கறுப்பினத்தாருக்கு வாக்குரிமை தரலாம் என்றவர்கள் நாற்பது பேர்கூடத் தேறவில்லை. காங்கிரஸ் பொருட்படுத்தவில்லை. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனின் வீட்டோவையும் மீறி, 1867 ஜனவரியில் மாவட்டத்தின் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தத்துக்கு மூன்றாண்டு முந்தியது இந்தச் சட்டம். கறுப்பின உறுப்பினர்கள் நகர மன்றத்தில் அமர்ந்தார்கள். உணவகங்கள் நிறம் பார்த்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1872-லும் 1873-லும் உள்ளூர் மன்றம் சட்டம் இயற்றியது.

இந்தக் காலம் ஏழே ஆண்டுகளில் முடிந்தது. 1871-இல் காங்கிரஸ் ஜார்ஜ்டவுனையும் வாஷிங்டனையும் ஒன்றாக்கி, நியமன ஆளுநரும் தேர்ந்தெடுக்கப்பட்ட கீழவையும் கொண்ட ஓர் ஆட்சியை அமைத்தது. பிரதிநிதிகள் சபையில் வாக்கில்லாத ஓர் உறுப்பினர் இடமும் தந்தது. பொதுப்பணிகளைக் கையில் வைத்திருந்த அலெக்சாண்டர் ஷெப்பர்ட் சேற்றுத் தெருக்களுக்குத் தளம் போட்டார், சாக்கடை கட்டினார், மரம் நட்டார், சட்டம் அனுமதித்த வரம்பைத் தாண்டிக் கடனும் வாங்கினார். 1873-இன் பொருளாதார வீழ்ச்சியில் கஜானா காலியானது. 1874-இல் காங்கிரஸ் அந்த ஆட்சியைக் கலைத்தது. 1878-இல் மூன்று ஆணையர்களின் நியமன ஆட்சியை நிரந்தரமாக்கியது. மேயர் தேர்தல் இல்லை, மன்றத் தேர்தல் இல்லை, வாக்கில்லாத உறுப்பினரும் இல்லை. நிதிச் சீர்கேடு என்பது சொல்லப்பட்ட காரணம். அதே காலகட்டத்தில் நியூயார்க்கில் ட்வீட் என்ற அரசியல்வாதியின் கும்பல் நகரத்தையே கொள்ளையடித்தது; அங்கே ட்வீட் சிறைக்குப் போனார், நியூயார்க்காரர்களின் ஓட்டில் யாரும் கைவைக்கவில்லை. வாஷிங்டனில் மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பதுதான் வேறுபாடு. 1890-இல் அலபாமாவின் செனட்டர் ஜான் டைலர் மார்கன் இதை ஒளிக்காமல் அவையிலேயே சொன்னார். கறுப்பினத்தாரின் வாக்கை ஒழிப்பதற்காக எல்லோருடைய வாக்கையும் ஒழிக்க வேண்டியிருந்தது என்றார். எலிகளை ஒழிக்கக் களஞ்சியத்தைக் கொளுத்துவதோடு அதை ஒப்பிட்டார்.

களஞ்சியம் எரிந்தபோது எல்லாம் சாம்பலாகிவிடவில்லை. உணவகச் சட்டங்களை யாரும் ரத்து செய்யவில்லை. நடைமுறைப்படுத்த ஆளில்லாமல் தூசி படிந்து கிடந்தன. நகரம் முழுக்க நிறவெறுப்பு வழக்கமாகிப்போன 1950-இல், 86 வயது மேரி சர்ச் டெரல் சிலருடன் ஓர் உணவகத்துக்குள் போய் உணவு கேட்டார், மறுத்தார்கள். பழைய சட்டங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பது வழக்காயிற்று. இருக்கின்றன என்று 1953 ஜூன் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டம் செய்த மன்றம் கலைந்து ஏறத்தாழ எண்பதாண்டு ஆகியிருந்தது.

ஆணையர் ஆட்சி நடந்த அந்த நீண்ட காலத்தில் நகரின் உண்மையான ஆட்சியாளர்கள் காங்கிரஸின் மாவட்டக் குழுத் தலைவர்கள். மிசிசிப்பியின் தியடோர் பில்போ போன்ற வெளிப்படையான நிறவெறியர் ஒருவர் 1940-களில் செனட் குழுவின் தலைவராக இருந்தார். பிரதிநிதிகள் சபைக் குழுவில் தென் கரோலினாவின் ஜான் மக்மிலன் இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தலைவர். தன்னாட்சி மசோதாக்களை செனட் பலமுறை நிறைவேற்றி அனுப்பும். அவை மக்மிலனின் குழுவில் புதைந்துபோகும். 1950-களின் பிற்பாதியில் நகர மக்களில் கறுப்பினத்தார் பெரும்பான்மை ஆனார்கள். அவர் பிடி மேலும் இறுகியது.

முதல் திறப்பு 23-ஆவது திருத்தம். 1960 ஜூனில் காங்கிரஸ் முன்மொழிந்த அது, 1961 மார்ச் 29 அன்று ஒன்பதே மாதங்களில் தேவையான மாநில ஒப்புதலைப் பெற்றது. பழைய அடிமை மாநிலக் கூட்டமைப்பில் இருந்தவற்றில் அன்று ஒப்புதல் தந்தது டென்னசி மட்டுமே. ஆர்கன்சா வெளிப்படையாக நிராகரித்தது. மக்கள்தொகையில் மிகச் சிறிய மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர்களோ அதற்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு, குடியரசுத் தலைவர் தேர்தலில் மாவட்டத்துக்கு மூன்று தேர்வாளர்கள் கிடைத்தார்கள். 1964-இல் வாஷிங்டன் மக்கள் தங்கள் ஊரில் குடியிருக்கும் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க முதல்முறையாக வாக்களித்தார்கள்.

உள்ளூர் ஆட்சி இன்னும் தாமதமானது. 1967-இல் லிண்டன் ஜான்சன் ஆணையர் மூவரை நீக்கி, கறுப்பினத்தவரான வால்டர் வாஷிங்டனை மேயர்-ஆணையராக நியமித்தார். அவர் தம் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அனுப்பியபோது, மக்மிலனிடமிருந்து மேயர் அலுவலகத்துக்கு ஒரு லாரி நிறையத் தர்பூசணிப் பழம் வந்தது. கறுப்பினத்தாரைக் கேலி செய்யத் தென் மாநில வெள்ளையர் காலங்காலமாகப் பயன்படுத்திய பழம் அது. பதில் 1972-இல் தென் கரோலினாவிலேயே கிடைத்தது. மறுபடியும் உருவாக்கப்பட்ட வாக்கில்லாத உறுப்பினர் இடத்துக்கு 1971-இல் தேர்வான போதகர் வால்டர் ஃபான்ட்ராய், மக்மிலனின் தொகுதிக்கே ஆள்களை அனுப்பிக் கறுப்பின வாக்காளர்களைத் திரட்டினார். 1965-இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர்களால் வாக்களிக்க முடிந்தது. கட்சியின் முதனிலைத் தேர்தலில் மக்மிலன் தோற்றார். குழுத் தலைமை டெட்ராய்ட்டின் கறுப்பின உறுப்பினர் சார்லஸ் டிக்ஸிடம் போனது. ஓராண்டுக்குள் தன்னாட்சிச் சட்டம் நிறைவேறியது. வாக்கில்லாத நகரத்தின் பூட்டு, வேறொரு மாநிலத்தின் வாக்குச் சாவடியில் திறந்தது. இந்த வரலாற்றில் இதைவிட நெஞ்சை நிமிர்த்தும் இடம் வேறில்லை.

நிக்சன் 1973 டிசம்பர் 24 அன்று கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் 13 பேர் கொண்ட மன்றமும் 1975 ஜனவரியில் பொறுப்பேற்றார்கள். கொடுத்த கையே பிடித்தும் வைத்திருந்தது. மன்றம் செய்யும் ஒவ்வொரு சட்டமும் காங்கிரஸின் முன் 30 அவை நாள்கள் காத்திருக்க வேண்டும். குற்றவியல் சட்டமென்றால் 60 நாள்கள். நகரின் வரவுசெலவைக் காங்கிரஸ் திருத்தலாம். நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். பெரியவர்கள் செய்யும் குற்றங்களில் பெரும்பாலானவற்றை மத்திய அரசின் வழக்கறிஞரே நடத்துவார். மேரிலாந்திலிருந்தும் வர்ஜீனியாவிலிருந்தும் தினமும் வேலைக்கு வந்து போகிறவர்களின் வருமானத்துக்கு நகரம் வரி போட முடியாது.

இந்தக் கட்டுகள் எவ்வளவு தூரம் போகும் என்பது 1998-இல் தெரிந்தது. கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த அனுமதிக்கும் யோசனைமீது நகரத்தில் பொது வாக்கெடுப்பு நடந்தது. அதற்காக நகரம் பணம் செலவழிக்கக் கூடாது என்று காங்கிரஸ் தடை போட்டதால், போட்ட வாக்குகளை எண்ணவே முடியாமல் போயிற்று. ஓராண்டு கழித்து நீதிமன்றம் தலையிட்ட பிறகு எண்ணினார்கள்: 69 விழுக்காடு ஆதரவு. அதன் பின்னும் 2009 வரை அதை நடைமுறைப்படுத்தக் காங்கிரஸ் விடவில்லை.

முழுப் பிரதிநிதித்துவத்துக்கு நான்கு வழிகள் பேசப்பட்டன. முதலாவது, அரசியல் சட்டத் திருத்தம். மாவட்டத்தை ஒரு மாநிலம்போலக் கருதி இரண்டு செனட்டர்களும் பிரதிநிதிகள் சபை இடமும் தரும் திருத்தத்தை 1978 ஆகஸ்டில் காங்கிரஸ் நிறைவேற்றியது. 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். ஏழாண்டு கெடு முடிந்தபோது ஒப்பியவை 16. இரண்டாவது, நீதிமன்றம். மாநிலமல்லாத இடத்துக்கு அரசியல் சட்டம் இடம் தரவில்லை, இது நியாயமற்றதென்றாலும் மாற்றுவது தங்கள் கையில் இல்லை என்று 2000-இல் மூவர் அமர்வில் இருவர் தீர்ப்பளித்தார்கள். உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டு முதல் நகரத்து வண்டிகளின் எண் பலகைகளில் ‘பிரதிநிதித்துவம் இல்லாத வரி’ என்ற வாசகம் ஏறியது. மூன்றாவது, அலெக்சாண்ட்ரியாபோல எஞ்சிய நிலத்தை மேரிலாந்துடன் சேர்ப்பது. வாஷிங்டனிலும் மேரிலாந்திலும் இதற்கு ஆர்வம் குறைவு. நான்காவது, மாநில அந்தஸ்து. வெள்ளை மாளிகை, காங்கிரஸ் மாளிகை, நினைவுச்சின்னங்கள் இருக்கும் சிறு பகுதியை மட்டும் மத்திய மாவட்டமாக விட்டுவிட்டு, மக்கள் வாழும் பகுதியை 51-ஆவது மாநிலமாக்கும் யோசனை இது. 1993-இல் பிரதிநிதிகள் சபையில் 277-க்கு 153 என்று தோற்றது. 2016-இல் நகர மக்களில் 86 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 2020 ஜூனிலும் 2021 ஏப்ரலிலும் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது; இரண்டாம் முறை 216-க்கு 208. இரண்டு முறையும் செனட்டில் நின்றுபோனது.

எதிர்ப்பவர்கள் சட்டக் காரணங்களும் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்று உண்மையிலேயே சிக்கலானது: 23-ஆவது திருத்தம் நீடிக்கும்வரை, சுருங்கிப்போன மத்திய மாவட்டத்துக்கும் மூன்று தேர்வாளர்கள் உண்டு, அங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் குடியரசுத் தலைவரின் குடும்பத்தார் மட்டுமே. ஆனாலும் முட்டுக்கட்டையின் உண்மையான கனம் கட்சிக் கணக்கில் இருக்கிறது. 1964 முதல் ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாவட்டம் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்திருக்கிறது. புது மாநிலம் என்றால் அக்கட்சிக்கு இரண்டு செனட்டர்கள். தலைநகரைத் தனி வட்டாரமாக வைத்திருக்கும் நாடுகள் வேறும் உண்டு. டெல்லிக்கு மக்களவையில் 7 இடமும் மாநிலங்களவையில் 3 இடமும் இருக்கின்றன. கான்பெரா அமைந்த வட்டாரத்துக்கு ஆஸ்திரேலிய செனட்டில் இரண்டு இடம். தனி வட்டாரம் என்பதற்காக வாக்கு இல்லாமல் போக வேண்டியதில்லை என்பதற்கு இவை போதும்.

2021 ஜனவரி 6 அன்று காங்கிரஸ் மாளிகையைக் கும்பல் தாக்கியபோது, மாநில ஆளுநர்களுக்கு உள்ளதுபோல தேசியக் காவற்படையை அனுப்பும் அதிகாரம் மேயருக்கு இல்லை. படை வந்துசேர மூன்று மணி நேரத்துக்கும் மேலானது. ஒரு மாநிலத்தின் படை காங்கிரஸைக் காக்கத் தவறியதால் பிறந்த ஏற்பாடு, அதே காங்கிரஸைக் காக்க நகரத்தின் கையைக் கட்டி வைத்திருந்தது. 2023 மார்ச்சில், மன்றம் திருத்தி எழுதிய குற்றவியல் சட்டத்தைக் காங்கிரஸ் ரத்து செய்தது. மாநில அந்தஸ்தை ஆதரித்த ஜோ பைடனே அதில் கையெழுத்திட்டார். முப்பதாண்டுகளுக்கு மேலாக நடக்காத ஒன்று அது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டொனால்ட் டிரம்ப், தன்னாட்சிச் சட்டத்தின் 740-ஆவது பிரிவை வரலாற்றிலேயே முதல்முறையாகப் பயன்படுத்தி, நகரக் காவல்துறையைத் தம் கட்டுப்பாட்டில் எடுத்தார்; தேசியக் காவற்படையினரும் தெருக்களில் இறங்கினார்கள். சட்டம் தந்த 30 நாள் கெடு செப்டம்பர் 10 அன்று முடிந்தது. காவல்துறைமீது அவர் எடுத்த அதிகாரத்தைக் காங்கிரஸ் நீட்டிக்கவில்லை. காவற்படை அதற்குப் பின்னும் நகரில் தங்கியது.